டேப்பட் சத்தம்: இன்ஜினைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஐடிலில் நிற்கும்போது இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் அதுவும் கூடவே வேகம் பிடிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "டேப்பட் போயிடுச்சு சார், செட்டா மாத்திரலாம்." மாற்றலாம். ஆனால் புது செட் போட்டு ஒரு மாதத்தில் அதே சத்தம் திரும்பி வந்தால்? சுழலும் கேமின் மேடு தள்ளும்போதுதான் வால்வு திறக்கும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருந்து இடைவெளியைச் சரியாக வைப்பது டேப்பட். அதை ஆயிலைக் கொண்டு தானாகவே செய்துகொள்வது ஹைட்ராலிக் டேப்பட். அது தானாகக் கெட்டுப்போவது குறைவு. அதற்குப் போக வேண்டிய ஆயில் போகாமல் இருப்பதோ, காற்று கலந்து போவதோதான் அதிகம். அதனால் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை வைத்துக்கொண்டு ஆயில் பக்கமிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். டேப்பட்டைத் தொடுவது கடைசி.

உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட்தானா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. மாருதி 800-இல் ராக்கரின் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) முனையில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு லாக் நட்டும் இருக்கும். ஹோண்டா சிட்டியின் ஐ-விடெக் பெட்ரோலும் திருகு வகைதான். ஸ்விஃப்டில் வந்த 1.2 கே சீரிஸ் பெட்ரோலில் திருகு கிடையாது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே கவிழ்த்துவைத்த கிண்ண வடிவ டேப்பட் இருக்கும். இடைவெளி மாறினால் வேறு கனத்தில் ஒரு கிண்ணத்தைத் தேர்ந்து போட வேண்டும். ரெனோ டஸ்டரின் 1.5 டீசலும் ஹைட்ராலிக் அல்ல. இந்த வண்டிகளில் டிக்டிக் வந்தால் இன்ஜினை நன்றாகக் குளிரவிட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அது தனி வேலை.

கீழே சொல்வதெல்லாம் ஹைட்ராலிக் வகைக்கு. நம் ஊரில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல பெயர்களில் ஓடியது அந்த ஒரே இன்ஜின்தான். ஃபோக்ஸ்வாகன் போலோவின் பெட்ரோல் இன்ஜின்களும் இந்த வகை. இவற்றுக்கு யாராவது 'டேப்பட் செட்டிங்' என்று பில் போட்டால் எதை செட் செய்தார்கள் என்று கேளுங்கள். திருப்புவதற்கு அதில் திருகே கிடையாது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். விரல் பருமனில் ஒரு உருளை, அதற்குள் ஒரு பிளஞ்சர், அடியில் ஸ்பிரிங், ஆயில் வரும் துளையை மூட ஒரு சின்ன குண்டு. கேமின் மேடு விலகியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை உயர்த்தி இடைவெளியை அடைக்கும், கீழே உண்டாகும் காலியிடத்தை ஆயில் வந்து நிரப்பும். மேடு வந்து அழுத்தும்போது குண்டு துளையை மூடிவிடும். சிறைப்பட்ட ஆயில் அமுங்காது, எனவே முழு அழுத்தமும் வால்வுக்குப் போகும். ஆயிலுக்குப் பதில் காற்றுக்குமிழி இருந்தால் அது அமுங்கிவிடும், இடைவெளி விழும், உலோகத்தோடு உலோகம் தட்டும். நாம் கேட்கிற டிக் அதுதான். 1930-இல் கேடிலாக் தன் வி-16 காரில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே இன்ஜின் சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான்.

சத்தம் டேப்பட்டிலிருந்துதான் வருகிறதா?

பாதிப் பணம் வீணாவது இந்தக் கேள்வியைக் கேட்காததால். இன்ஜினில் டிக்டிக் என்று சொல்வதற்கு வேறு ஆட்களும் உண்டு.

வேகத்தை முதலில் கவனியுங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடில் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு டேப்பட் நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது நொடிக்கு ஆறேழு தடவை தட்டும். காதால் எண்ணுவது கஷ்டம். போனில் பதிவு செய்து கால் வேகத்தில் ஓட்டினால் எண்ணிவிடலாம். நொடிக்குப் பதின்மூன்று தட்டு கேட்டால் அது கிராங்க் வேகம், அல்லது இரண்டு டேப்பட்டுகள் சேர்ந்து தட்டுகின்றன.

அப்புறம் இடம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை டேப்பட் கவர் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துக் கேளுங்கள். ஸ்டெதஸ்கோப் மாதிரி வரும் மெக்கானிக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. சட்டைக் கை, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. கவரின் மேல் கூர்மையாகவும் கீழே சம்ப்பில் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) மந்தமாகவும் கேட்டால் சத்தம் மேலே. சம்ப்பில்தான் உரக்க என்றால் கதை வேறு.

பெட்ரோல் இன்ஜெக்டர் இயல்பாகவே டிக்கென்று சொல்லும். ஸ்க்ரூடிரைவரை நேரே இன்ஜெக்டர் மேல் வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கேட்கும். அது நோயல்ல. டீசலில் இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் வரும் 'சஃப் சஃப்' சத்தத்தை நிறைய பேர் டேப்பட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேல்மூடியைக் கழற்றி இன்ஜெக்டரைச் சுற்றிப் பாருங்கள். தார் உருக்கி ஊற்றியதுபோல் கருப்பாகக் கெட்டியாகப் படிந்திருந்தால் வாஷர்தான். அதைத் தள்ளிப்போட்டால் இன்ஜெக்டரே ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.

எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்ட் பேக்கிங் கசிவும் அச்சு அசல் டேப்பட்போலவே தட்டும். குளிர்ந்த இன்ஜினில் உரக்க, சூடேறி இரும்பு விரிந்ததும் குறையும். ஏற்றத்தில் மிதித்தால் கூடும். மேனிஃபோல்ட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து சலசலவென்று வரும். அதில் ஒரு சீரான டிக் இருக்காது. மல்டிஜெட்டில் செயின் சத்தத்தை டேப்பட் என்று நினைத்து விடவே கூடாது. செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

பயப்பட வேண்டியது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் சத்தத்துக்கு. கனமான 'டொக் டொக்', மிதிக்கும்போது உரக்க வரும். பெட்ரோல் வண்டியில் ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் கோளாறு கீழே, பேரிங்கிலோ பிஸ்டனிலோ. டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மசியாது. மல்டிஜெட் போன்ற காமன் ரயில் டீசலில் இந்தச் சோதனை வேண்டாம். ஓடும்போது இன்ஜெக்டர் வயரில் ஷாக் அடிக்கும் அளவு வோல்ட்டேஜ் இருக்கும். ராட் சத்தம் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே சாவியைத் திருப்பி நிறுத்துங்கள், டோ செய்து கொண்டுபோகலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி, பிறகு நின்றுவிடுகிறது

இரவு முழுக்க நின்றதில் மேலிருந்த ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிட்டது, பம்ப் அதைத் திரும்ப ஏற்றுகிறது. இரண்டு மூன்று நொடி என்றால் விட்டுவிடுங்கள். பத்து நொடிக்கு மேல் இழுத்தால் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மலிவு ஃபில்டர்களில் அந்த ரப்பர் சூட்டில் விறைத்துப்போய் வேலையை விட்டுவிடும். கம்பெனி ஃபில்டரைப் போட்டதும் காலைச் சத்தம் போய்விட்டால் கேஸ் முடிந்தது.

இன்னொரு காரணம் தடித்த ஆயில். "நம்ம ஊரு வெயிலுக்கு இருபது அம்பதுதான் சரி" என்று 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய அம்பாசடருக்கு அது சரி. ஹைட்ராலிக் டேப்பட்டில் பிளஞ்சருக்கும் உருளைக்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி, துளைகளும் பொடிப்பொடி. தடித்த ஆயில் அங்கே போய்ச் சேரவே நேரமாகும். மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள்.

மாதக்கணக்கில் நின்றுகிடந்த வண்டி என்றால் டேப்பட்டுக்குள் காற்று புகுந்திருக்கும். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் முழுச் சூடேறி ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை விடுங்கள். பிறகு இரண்டு நிமிடம் 2,500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். ஒருமுறையில் போகாவிட்டால் ஹைவேயில் ஒரு நல்ல ஓட்டம் கொடுத்துப் பாருங்கள்.

ஆயில் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது

டிப்ஸ்டிக்கை எடுங்கள். சிறிய இன்ஜின்கள் பலவற்றுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். கடையில் வாங்கியது நாலு லிட்டர் கேன். மிச்சத்தை என்ன செய்வது என்று முழுக்க ஊற்றிவிடுகிறார்கள். மேல்கோட்டைத் தாண்டி நிற்கும் ஆயிலில் கிராங்க் அடித்து நுரை கிளப்பும். பம்ப் அந்த நுரையைத்தான் டேப்பட்டுக்கு அனுப்பும். சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, கூடுதலை வடித்துவிடுங்கள். ஆயில் குறைவாக இருந்தாலும் இதே நுரைதான், காரணம் மட்டும் வேறு: பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது.

அளவு சரி என்றால் கிரேடைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் புது ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள்.

சூடேறிய பிறகு, ஐடிலில் மட்டும்

காலையில் அமைதி, அரை மணி நேரம் ஓட்டி சிக்னலில் நின்றதும் டிக்டிக், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் மறைகிறது. எல்லாவற்றிலும் நிதானமாகப் பார்க்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இது ஆயில் பிரஷர் குறைவதன் அடையாளம். சூட்டில் ஆயில் மெலியும், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேரும் அந்த நேரத்தில் பம்புக்கு மிகத் தொலைவில் இருக்கும் டேப்பட்தான் முதலில் பட்டினி கிடக்கும்.

"ஆயில் லைட்டு எரியலையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்தச் சிவப்பு விளக்கு பல வண்டிகளில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு விழுந்தால்தான் எரியும். டேப்பட் அதற்கு வெகு முன்பே முனக ஆரம்பித்துவிடும்.

முதலில் டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடையோ பெட்ரோல் வாடையோ தூக்கலாக இருந்து, ஆயில் அளவும் போன மாதத்தைவிட ஏறியிருந்தால் எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது. சொட்டும் இன்ஜெக்டரைச் சரிசெய்யாமல் ஆயில் மட்டும் மாற்றினால் மறுபடி இதே நிலைதான். டீக்கடைப் பால் நிறத்தில் நுரைத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, டேப்பட்டை மறந்துவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

ஆயில் நன்றாக இருந்தால் பிரஷரை அளந்தே ஆக வேண்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அதே மரையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ஐடிலிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் பார்க்க வேண்டும். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், அடாப்டர் செட் உள்ள ஒர்க்‌ஷாப்பாகப் பாருங்கள். சரியான எண் மேனுவலில் இருக்கும். கைவசம் இல்லையென்றால் மெக்கானிக்குகள் சொல்லும் பழைய கணக்கு, ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார். இந்த ஒரு சோதனைக்குக் கொடுக்கும் பணம் டேப்பட் செட் விலையில் ஒரு துளி. இதைச் செய்யாமல் செட் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பிரஷர் குறைவென்றால் சம்ப்பை இறக்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் கருப்பு ஜெல்லி அதன் வலையை மூடியிருக்கும். முன்பு யாரோ சம்ப்பை மாட்டும்போது அள்ளிப் பூசிய சிலிக்கான் பேஸ்ட்டும் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, நூல்நூலாக உரிந்து அந்த வலையில் வந்து ஒட்டியிருக்கும். விளிம்பில் ஒரு மெல்லிய கோடு போதும் என்றாலும் கை தாராளமாகவே போகிறது. ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் வழியாகவும் காற்று நுழையும். இவை சுத்தமாக இருந்தும் பிரஷர் ஏறவில்லையென்றால் பம்ப், ரிலீஃப் வால்வு (கூடுதல் பிரஷரைத் திறந்துவிடுவது), கிராங்க் பேரிங் தேய்மானம் என்று வேலை பெரிதாகும்.

பிரஷர் சரியாக இருந்தும் டேப்பட் அடித்தால் உள்ளே அரக்கு மாதிரி படிந்த ஆயில் கறை பிளஞ்சரை இறுக்கிப் பிடித்திருக்கலாம். இங்கே ஃப்ளஷ் போடலாமா என்ற கேள்வி வரும். நல்ல கிரேடு ஆயிலை ஊற்றி, அடுத்த இரண்டு மாற்றங்களை 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு செய்வது எனக்குப் பிடித்த வழி. புது ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் மெதுவாகக் கரைக்கும். பாட்டில் ஃப்ளஷ் ஒரே நாளில் கரைக்கப் பார்க்கும். உள்ளே கசடு கனமாக இருந்தால் அது பாளம் பாளமாகப் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சம்ப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டுவது பேரிங்குக்குச் செய்யும் துரோகம்.

வேகம் எடுத்த பிறகு மட்டும்

ஐடிலில் சத்தமில்லை, 3,000 ஆர்பிஎம் தாண்டினால் டிக்டிக். நுரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆயில் அளவு, ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங், பாதி அடைத்த ஸ்ட்ரெய்னர் என்ற வரிசையில் பாருங்கள்.

எப்போதும், ஒரே இடத்தில், ஒரே தட்டு

குளிரிலும் சூட்டிலும், எந்த வேகத்திலும் ஒரே டேப்பட் அடிக்கிறது, பிரஷரும் சரி. இப்போதுதான் திறக்க வேண்டிய நேரம். ஆயில் குறை என்றால் பல டேப்பட்டுகள் சேர்ந்து பேசும். ஒன்று மட்டும் பேசினால் கோளாறு அதற்குள்ளோ, அதன் மேலிருக்கும் ராக்கரிலோ கேமிலோதான்.

கவரைக் கழற்றினால் கேம் தெரியும் அமைப்பாக இருந்தால், அந்த வால்வின் கேம் மேடு வேறு பக்கம் பார்க்கும்படி கிராங்கை ஸ்பேனரால் திருப்பி, மரத்துண்டாலோ பிளாஸ்டிக் கைப்பிடியாலோ ராக்கரை அழுத்திப் பாருங்கள். நல்ல டேப்பட் கல்லாக நிற்கும். பஞ்சாக இறங்கினால் அதுதான் குற்றவாளி. அழுத்தியபடி 0.20 மி.மீ. ஃபீலர் நுழைந்தால் மாற்று என்பது ஃபோக்ஸ்வாகன் ரோலர் ராக்கர் இன்ஜின்களுக்குச் சொல்லப்படும் அளவு. மல்டிஜெட்டில் கேம்கள் தனிப் பெட்டிக்குள் இருப்பதால் இந்தச் சோதனை நடக்காது, பெட்டியை எடுக்க வேண்டும். அதற்கு டைமிங் லாக் டூல் (கேமும் கிராங்கும் நகராமல் பிடித்துவைக்கும் கருவி) கட்டாயம். "மார்க் போட்டுக்கலாம்ணே" என்று பெயின்ட் டப்பாவை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கழற்றும்போது ஒரு முட்டை அட்டையில் குழிகளுக்கு நம்பர் போட்டு, ஒவ்வொரு டேப்பட்டையும் ராக்கரையும் அதனதன் குழியில் வையுங்கள். ஓடிப் பழகிய இடத்திலேயே அது திரும்பப் போக வேண்டும். டேப்பட் நிமிர்ந்தே நிற்கட்டும், படுக்க வைத்தால் ஆயில் கசிந்து காற்று புகும். ராக்கர் ரோலரைச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் போட்டுவிடாதீர்கள். கேம் மேட்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுப்படும் குழியோ, மற்றதைவிட மொட்டையான முனையோ இருந்தால் டேப்பட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

சந்தேகப்பட்ட டேப்பட்டைச் சுத்தமான இன்ஜின் ஆயிலில் மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கும் குண்டைத் தள்ளிக்கொண்டே பிளஞ்சரை மெல்ல அழுத்தி விடுங்கள். குமிழிகள் வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு கட்டைவிரலால் அழுத்தினால் அசையக் கூடாது. அப்போதும் இறங்கினால் குண்டு சரியாக உட்காரவில்லை, புதிது வாங்குங்கள். ஒன்று போயிருந்தால் ஒன்றை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் முழு செட்டுக்கே போய்விடுவது நல்லது, மறுபடி அதே கூலி கொடுக்க வேண்டாம்.

மாட்டிய உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஆயில் நிரம்பிய டேப்பட் முழு உயரத்தில் நிற்கும், அந்த நிலையில் வால்வு முழுதாக மூடாமல் பிஸ்டனில் இடிக்கலாம். அரை மணி நேரம் விட்டால் அளவுக்கு வந்துவிடும். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கும் தட்டக் கூடாது. அதன்பின் ஸ்டார்ட். முதல் சில நிமிடம் சத்தம் இருக்கும், 2,500 ஆர்பிஎம்மில் கொஞ்சம் பிடித்தால் அடங்கும். அந்த ஆயிலை 1,000 கிலோமீட்டரிலேயே இறக்கி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். பளபளவென்று உலோகத்தூள் தெரிந்தால் கேமை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.